விளையாட்டுக் கணினியும் நினைவகமும்

மக்கள் தம் ஓய்வுப் பொழுதை இனிதாகக் கழித்தற்குக் கண்ட ஆடல்கள் பலவாம். திண்ணையில் அமர்ந்து பல்லாங்குழியும் தாயமும் ஆடினோர் ஒரு காலத்தினர். கணினித் திரையில் ஊர்தி ஓட்டியும் விமானம் செலுத்தியும் மகிழ்வோர் இக்காலத்தினர். பல்லாங்குழிக்குக் குழிப்பலகை ஒன்றும் சோழிகள் சிலவும் போதும். திரையாடலுக்கோ விலையுயர்ந்த கருவி வேண்டும். அக்கருவியும் சில ஆண்டுகளிலேயே புதிய ஆட்டங்களுக்கு ஈடுகொடாமல் தளர்ந்துவிடுகின்றது. அங்ஙனம் தளருங்கால், 'ரேமைக் கூட்டினாற் சரியாகிவிடும்' என நண்பரும் கடைக்காரரும் கூறுவர். அக்கூற்று எப்பொழுது மெய்யாகும், மெய்யாயின் எவ்வகை ரேமை எத்துணை அளவில் வாங்குதல் தக்கது என்பனவற்றை ஈண்டுக் காண்பாம். பெற்றோர் உழைத்து ஈட்டிய பொருள் இதிற் செலவாகின்றது. ஆதலின், 'விளையாட்டுச் செய்திதானே' என இதனை இகழ்தல் கூடாது.

கடைத்தெருவில் ரேம் எனப்படுவதே நூல்வழக்கில் நினைவகம் எனப்படும். ரேம் என்பது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் கூடி அமைந்த பெயர். எவ்விடத்தையும் நேரே எட்டுதற்குரிய நினைவகம் என்பது அதன் பொருள். பெயரைக் கண்டு, படங்களையும் ஆட்டங்களையும் நெடுநாள் காத்து வைக்கும் உறுப்பு இதுவே என மயங்குவாரும் உளர். அத்தொழில் ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகங்களுக்கு உரியது. நினைவகமோ, மின்சாரம் நின்ற அளவில் தான் தாங்கிய அனைத்தையும் மறந்துவிடும் இயல்பினது.

திருமண வீட்டுச் சமையற் கொட்டிலை எண்ணிப் பாருங்கள். அரிசியும் பருப்பும் காய்கறியும் உக்கிராண அறையிற் குவிந்து கிடக்கின்றன. தலைமைச் சமையற்காரர் அடுப்பைவிட்டு அகலாது நிற்கின்றார். அவர் கைக்கெட்டும் தொலைவில் நீண்ட பலகையொன்று இடப்பட்டுள்ளது. அடுத்தடுத்து வேண்டுவனவெல்லாம் முன்னரே கொணரப்பட்டு அப்பலகைமேற் பரப்பப்பட்டுள்ளன. சமையற்காரரே பிராசசர் எனப்படும் செயலி, உக்கிராணமே சேமிப்பகம், பலகையே நினைவகம். பலகை சிறிதாயின், ஒரு பொருளை வைத்தற்கு மற்றொரு பொருளை உக்கிராணத்திற்குத் திருப்பியனுப்ப வேண்டும்; திருப்பியனுப்பியது வேண்டப்படுங்கால் மீண்டும் ஓடி எடுத்து வரவேண்டும். அவ்வோட்டம் முடியுமளவும் சமையற்காரர் கரண்டியும் கையுமாக வாளா நிற்பார். ஆட்டத்தின் நடுவே திரை திடீரெனத் திக்கி நின்று மீண்டும் ஓடுவது பெரும்பாலும் இத்தகைய ஓட்டத்தின் விளைவே ஆகும்.

இந்நினைவகத்தின் உள்ளமைப்பு வியக்கத்தக்கது. அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு என்னும் பொறிஞர், ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் மின்னேற்றத்தைத் தாங்கும் சிறு கொள்கலம் ஒன்றும் இருப்பின் ஒரு பிட் அளவுள்ள செய்தியை நிறுத்தி வைக்கலாம் எனக் கண்டார். அக்கண்டுபிடிப்பிற்கு 1968ஆம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்று நம் மேசைமேல் உள்ள கணினிகளின் நினைவகம் யாவும் அம்முறையிலேயே அமைந்தவை. கொள்கலத்தில் மின்னேற்றம் இருப்பின் ஒன்று என்றும், இல்லையேற் சுழி என்றும் பொறி கொள்ளும். ஆயின் அக்கொள்கலம் ஓட்டைக் குடம் போன்றது. நிறைத்த மின்னேற்றம் கசிந்து கொண்டேயிருக்கும். அது வற்றுமுன் மீண்டும் மீண்டும் நிறைத்தல் வேண்டும். டி.டி.ஆர்.4 என்னும் வகையில், ஒரு நொடியை ஆயிரங் கூறாக்கின் அவற்றுள் 64 கூறு கழிவதற்குள் எல்லாக் குடங்களும் ஒருமுறை நிறைக்கப்படுகின்றன. எட்டு ஜிகாபைட் அளவுள்ள ஒரு பட்டையில் இத்தகைய குடங்கள் 6,800 கோடிக்கும் மிகுதியாக உள என்பதை நினைப்பின், அப்பட்டை செய்யும் தொண்டு விளங்கும். மின்சாரம் நின்றவுடன் அனைத்தும் மறைதற்குக் காரணமும் இதுவே. டென்னார்டு 2024ஆம் ஆண்டு தமது தொண்ணூற்றொன்றாம் அகவையில் மறைந்தார்.

இனி, நினைவகத்தைக் கூட்டுதல் வேண்டுமா என்பதை எங்ஙனம் அறிவது? நோயை அறியாது மருந்து வாங்குதல் தகாது. விண்டோஸ் கணினியாயின், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மேனேஜர் என்னும் பலகணி தோன்றும். அதிற் பெர்பார்மன்ஸ் என்னும் பகுதியில் மெமரி என்பதைத் தெரிந்தால், மொத்த நினைவகம் எவ்வளவு, பயன்படுவது எவ்வளவு, அஃது இயங்கும் விரைவு யாது, தாய்ப்பலகையிலுள்ள செருகிடங்களுள் எத்தனை நிறைந்துள்ளன என்பன யாவும் காணலாம். நும்மைத் தொல்லைப்படுத்தும் ஆட்டத்தை ஓடவிட்டு, அது திக்கும் நேரத்திலேயே இதனை நோக்குதல் வேண்டும். நினைவகம் ஏறத்தாழ முழுதும் நிரம்பி, சேமிப்பகமும் ஓயாது உழைக்கக் காணின், பலகை சிறிது என்பது உறுதி. அங்ஙனமன்றி, நினைவகத்திற் பாதியளவே பயன்பட்டிருக்க, கிராபிக்ஸ் கார்டு மட்டும் நூற்றுக்கு நூறு உழைத்துக் கொண்டிருக்குமாயின், ரேம் வாங்கும் பணம் வீண் பணமே. பலகையில் இடம் மிகுதியாக இருக்கும்பொழுது இன்னொரு பலகை இடுவதால் சமையல் விரைந்து முடியாது. கிராபிக்ஸ் கார்டுக்கெனத் தனி நினைவகம் அதன்மேலேயே பதிக்கப்பட்டுள்ளது; அது குறையின், நாம் வாங்கும் ரேம் அதன் இடத்தை நிரப்பாது.

கூட்டுதல் வேண்டுமென்பது தெளிந்தபின் முதற்கண் அறியவேண்டியது தலைமுறை. நினைவகங்கள் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 எனத் தலைமுறை தலைமுறையாக வந்துள்ளன. ஜெடெக் என்னும் அமைப்பு இவற்றிற்கு இலக்கணம் வகுக்கின்றது. டி.டி.ஆர்.4இன் இலக்கணம் 2012ஆம் ஆண்டிலும், டி.டி.ஆர்.5இன் இலக்கணம் 2020ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஒரு தலைமுறைக்குரிய செருகிடத்தில் மற்றொரு தலைமுறைப் பட்டை பொருந்தாது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய இரண்டும் 288 தொடுமுனைகளை உடையனவே, நீளமும் ஒன்றே. எனினும், பட்டையின் அடிவிளிம்பிலுள்ள வெட்டு இரண்டிலும் வெவ்வேறிடத்தில் அமைந்துள்ளது. மின்னழுத்தமும் வேறு, முன்னதற்கு 1.2 வோல்ட்டு, பின்னதற்கு 1.1 வோல்ட்டு.

எம் தெருவில் வாழும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பொங்கற்படி, பிறந்தநாட்படி எனக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்து ரேம் வாங்கினான். புதியதே சிறந்தது என எண்ணிய கடைக்காரர் ஒருவர் டி.டி.ஆர்.5 பட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவன் கணினியோ டி.டி.ஆர்.4க்கு உரியது. 'தாத்தா, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உள்ளே போய்விடுமா?' என்று என்னிடம் வந்து கேட்டான். 'அழுத்தாதே அப்பா, தாய்ப்பலகையும் போய்விடும்' என்று தடுத்தேன். உறையைக் கிழித்துவிட்டமையின் கடைக்காரர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். ஓராண்டுச் சேமிப்பு ஒரு சிறு வெட்டின் இடம் அறியாமையால் முடங்கிற்று. கடைக்குச் செல்லுமுன் தாய்ப்பலகையின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சென்றிருப்பின் இவ்விடர் நேர்ந்திராது.

எத்தலைமுறை எனச் செயலியைக் கொண்டும் ஒருவாறு அறியலாம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகைப் பலகைகள் டி.டி.ஆர்.4 ஒன்றையே ஏற்கும். 2022ஆம் ஆண்டில் வந்த ஏ.எம்.5 வகை டி.டி.ஆர்.5 ஒன்றையே ஏற்கும். இன்டெல் நிறுவனத்தின் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைச் செயலிகள் இரண்டனையும் ஏற்கவல்லன. ஆதலின் அவற்றிற் செயலியை மட்டும் நோக்கி முடிவு செய்தல் பிழையாகும். தாய்ப்பலகையின் கையேட்டையே நோக்குதல் வேண்டும். பலகை தாங்கும் பேரளவு எத்துணை என்பதும் அக்கையேட்டிலேயே உளது. மேலும், மடிக்கணினிக்குரிய குட்டைப் பட்டைகள் மேசைக் கணினிக்குப் பொருந்தா. பழைய பொருட் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சர்வர் நினைவகங்களைக் கண்டு ஆசைப்படுதலும் வேண்டா. அவற்றுட் பெரும்பாலானவை வீட்டுக் கணினியில் இயங்கா.

அளவு யாதாக இருத்தல் வேண்டும்? ஆட்டத்தை ஆக்கினோர் தம் ஆட்டத்திற்குக் குறைந்த அளவு இது, பரிந்துரைக்கும் அளவு இது என வெளியிடுவர். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்னும் ஆட்டம் 8 ஜிகாபைட்டில் ஓடும். சைபர்பங்க் 2077 என்னும் ஆட்டத்திற்குக் குறைந்தது 12 வேண்டும், 16 பரிந்துரைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் வந்த மைக்ரோசாப்டு விமான ஆட்டத்திற்கோ குறைந்தது 16 வேண்டும், 32 பரிந்துரை, 64 இருப்பின் நிறைவு. குறைந்த அளவு என்பது ஆட்டம் தொடங்குதற்கு உரியதேயன்றி இன்புறுதற்கு உரியதன்று. அன்றியும், ஆடுவோர் பலர் பின்னணியிற் பாட்டு ஒன்றும், நண்பருடன் பேசும் செயலி ஒன்றும், இணையப் பக்கங்கள் இருபதும் திறந்து வைத்தே ஆடுகின்றனர். அவையும் பலகையில் இடம் பிடிக்கும். என் கருத்து இது: 8 இருப்பின் 16 ஆக்குக, அதனால் விளையும் வேறுபாடு கண்கூடு. புதிதாக முழுத் தொகுதியே வாங்குவோர்க்கு 32 ஏற்றது. விளையாட்டிற்கென மட்டும் 64 வாங்குதல், இருவர் வாழும் வீட்டிற்கு நூறுபடி உலைப்பானை வாங்குதலை ஒக்கும். விமான ஆட்டத்திற் பெருவேட்கை உடையார்க்கு மட்டும் அது பொருந்தலாம்.

அளவினும் நுட்பமானது பட்டைகளின் எண்ணிக்கை. 16 ஜிகாபைட்டை ஒரே பட்டையாகவும் வாங்கலாம். எட்டெட்டாக இரண்டு பட்டைகளாகவும் வாங்கலாம். விலையில் வேறுபாடு சிறிதே. எனினும் இரண்டே சிறந்தது. என்னை? செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே வீட்டுக் கணினிகளில் இரண்டு வழிகள் உள. ஒரு பட்டை இருப்பின் ஒரு வழியே பயன்படும். மற்றொரு வழி பாழாகக் கிடக்கும். டி.டி.ஆர்.4-3200 என்னும் பட்டை நொடிக்கு 320 கோடி முறை செய்தியை மாற்றும். ஒவ்வொரு முறையும் 8 பைட் செல்லும். எனவே ஒரு வழியில் நொடிக்கு 2,560 கோடி பைட், அஃதாவது 25.6 ஜிகாபைட் செல்லும். இரண்டு வழியும் திறப்பின் அது 51.2 ஆகும். தனி கிராபிக்ஸ் கார்டு இன்றிச் செயலியினுள் அடங்கிய வரைகலைப் பகுதியைக் கொண்டே விளையாடும் கணினிகளில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. அப்பகுதிக்குத் தனிப் பலகை இன்மையின், அதுவும் சமையற்காரரின் பலகையையே பங்கிட்டுக்கொள்கின்றது. அத்தகைய கணினி உடையார் வேறெதனை விடினும் இரட்டைப் பட்டையை விடுதல் ஆகாது.

கணினியில் முன்னரே ஒரு பட்டை இருப்பின், அதனொடு மற்றொன்றைச் சேர்க்கலாமா என்பர். சேர்க்கலாம், பெரும்பாலும் இயங்கும். ஆயின் விரைவு குறைந்த பட்டையின் நடைக்கே விரைந்த பட்டையும் நடக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே எண்ணுடைய பட்டையாயினும், வெவ்வேறு காலத்திற் செய்தவை உள்ளமைப்பில் வேறுபடுதல் உண்டு. இணையாக விற்கப்படுபவை ஒருங்கே சோதிக்கப்பட்டவை. அவற்றில் ஐயம் குறைவு. கையிற் பணம் குறைவாயின் பழையதற்கு ஒத்த துணை தேடுக. ஓரளவு உளதாயின் புதிய இணையை வாங்கிப் பழையதை விற்றுவிடுக. செருகிடம் நான்கு உளவே என்று நான்கனையும் நிரப்ப விரையற்க, டி.டி.ஆர்.5இல் அது விரைவைக் குறைக்கும். ரைசன் 7000 வரிசைச் செயலிகட்கு ஏ.எம்.டி. நிறுவனம் உரைக்கும் அளவு, இரண்டு பட்டைக்கு 5200. நான்கு பட்டைக்கு 3600. இரண்டு பெரிய பட்டைகள் நான்கு சிறிய பட்டைகளினும் மேலாதல் இதனால் விளங்கும்.

இனி விரைவும் தாழ்வும் பற்றிக் கூறுவாம். பட்டையின்மேல் 3200, 6000 என ஓரெண் இருக்கும், சி.எல்.16, சி.எல்.30 எனப் பிறிதோரெண்ணும் இருக்கும். முன்னது பரிமாறும் விரைவு. பின்னது, கேட்டது முதல் முதற்கரண்டி வந்து விழுமளவும் கழியும் சுற்றுக்களின் எண்ணிக்கை. சி.எல். சிறிதாக இருத்தல் நன்று என்பது மெய்யே. ஆயினும் தனித்து அதனை நோக்கி 30 ஐ விட 16 சிறந்தது என முடிவு செய்தல் தவறு. சுற்றின் நீளம் விரைவிற்கேற்பச் சுருங்கும். கணக்கு எளியது: சி.எல். எண்ணை 2000 ஆற் பெருக்கி, விரைவெண்ணால் வகுக்கக் கிடைப்பது நானோநொடி. 16 ஐ 2000 ஆற் பெருக்கி 3200 ஆல் வகுப்பின் 10. சி.எல்.30ஐயும் 6000 ஐயும் கொண்டு செய்யினும் 10. ஆகவே காத்திருக்கும் காலம் இரண்டிற்கும் ஒன்றே. பரிமாறும் விரைவிலோ பின்னது ஏறத்தாழ இருமடங்கு. 4800, சி.எல்.40 எனப் பொறித்த பட்டையைக் கணக்கிட்டுப் பாருங்கள், 16.7 வரும். மலிவான டி.டி.ஆர்.5 சில, நல்ல டி.டி.ஆர்.4 இனும் விஞ்சி நில்லாமைக்குக் காரணம் இதுவேயாம். ரைசன் 3000, 5000 வரிசைகட்கு 3200 அல்லது 3600 போதும். ரைசன் 7000க்கு 6000 ஏற்றது. அதற்குமேற் செல்லின் விலை ஏறும் அளவிற்கு ஆட்டம் ஏறாது. விரைவைக் கூட்டுதற்குப் பணம் இருப்பின், அதனை அளவிற் செலுத்துதலே மேல்.

ஒளிவீசும் விளக்குப் பதித்த பட்டைகளும் உள. கார்த்திகை விளக்கீடு ஆண்டிற்கு ஒருமுறை போதும் என்பது என் எண்ணம். விளக்கினால் நினைவகம் இமைப்பொழுதும் விரைந்து இயங்காது. மேலேயுள்ள உலோகக் கவசம் மிக உயர்ந்ததாயின், செயலியின்மேல் உள்ள பெரிய விசிறியொடு முட்டும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

விலை ஒருநிலையில் நிற்பதன்று. சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்று நிறுவனங்களே உலகின் நினைவகச் சில்லுகளுட் பெரும்பகுதியை ஆக்குகின்றன. செயற்கை நுண்ணறிவிற்கென எழுப்பப்படும் மாபெருங் கணினிக் கூடங்கள் அவற்றை வாரிக் கொண்டமையால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விலை மளமளவென ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான், வீட்டுக் கணினிக்காரர்க்குக் குருசியல் என்னும் பெயரால் விற்றுவந்த வணிகத்தை விட்டுவிடுவதாக அறிவித்தது. எனவே பழைய விலையை நம்பிப் புறப்படாது, சென்னை ரிச்சி தெருவிலாயினும் நும் ஊர்க் கடையிலாயினும் இரண்டு மூன்றிடத்தில் வினவிய பின்னரே வாங்குக.

பொருத்துதல் அரிதன்று. கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இயக்குபொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, பின்னரே பட்டையைத் தொடுக. நம் உடலில் தங்கிய மின்னேற்றம் அந்நுண்குடங்களைக் கெடுத்துவிடும். பட்டையை விளிம்பிற் பிடித்து, வெட்டு நேராகுமாறு வைத்து, இரு முனையையும் ஒப்ப அழுத்தின் தாழ் கிளிக்கென விழும். நான்கு செருகிடம் உடைய பலகையில் இரண்டு பட்டைகளை இடுவோர், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இடுதல் பொதுவழக்கு; கையேடு வேறு கூறின் அதுவே முடிவு. டி.டி.ஆர்.5 ஆயின் முதன்முறை இயக்குங்கால் திரை சில நிமிடம் இருண்டே கிடக்கும். பொறி தன் புதிய நினைவகத்தை அளந்து பழகும் நேரம் அது. அஞ்சி நிறுத்துதல் கூடாது.

பின்னர்ப் பலரும் மறப்பது ஒன்று உண்டு. 3200 எனப் பொறித்த பட்டையும், 6000 எனப் பொறித்த பட்டையும், சொல்லாதவிடத்துக் குறைந்த விரைவிலேயே இயங்கும். பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பினுட் சென்று, இன்டெல் பலகையில் எக்ஸ்.எம்.பி. என்பதையும், ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 பலகையில் எக்ஸ்போ என்பதையும் இயக்கினாலன்றிக் கொடுத்த விலைக்குரிய விரைவு கிட்டாது. ஏ.எம்.4 பலகைகளில் எக்ஸ்.எம்.பி. அல்லது அதனை ஒத்த பெயர் இருக்கும். இயக்கியபின் டாஸ்க் மேனேஜரில் விரைவெண் மாறியிருத்தலைக் காணலாம்.

இறுதியாக, மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓரிரவு முழுதும் ஓடவிடுக. அஃது ஒவ்வொரு குடத்திலும் எழுதியும் படித்தும் பார்க்கும். பிழை ஒன்றேனும் தோன்றின், எக்ஸ்.எம்.பி.யை நிறுத்திவிட்டு மறுபடியும் சோதிக்க; அப்பொழுதும் பிழை நீங்காதாயின் பட்டை பழுதுடையது. பற்றுச்சீட்டையும் உறையையும் அதுவரை எறியாது வைத்திருப்பின், உறுதிக் காலத்தினுள் அதனை மாற்றிக்கொள்ளலாம்.